டீம்ட் யுனிவர்சிட்டியில் பி.டெக்: சீட்டை உறுதி செய்யும் முன்னும் சேர்ந்த பின்னும் போட வேண்டிய கணக்குகள்

12.05.2025, காலை 9.40. கரூர்_அம்மா

மகளுக்கு கட்-ஆஃப் 187.5. ஒரு டீம்ட் யுனிவர்சிட்டியில் (நிகர்நிலைப் பல்கலைக்கழகம்) சிஎஸ்இ (கம்ப்யூட்டர் சயின்ஸ்) கிடைத்திருக்கிறது. 20ஆம் தேதிக்குள் முன்பணம் கட்டச் சொல்கிறார்கள். டிஎன்இஏ (தமிழக அரசின் இன்ஜினியரிங் சேர்க்கை) கவுன்சிலிங் ஜூலையில்தான். காத்திருந்தால் இது கைவிட்டுப் போகும். கட்டிவிட்டு அண்ணா யுனிவர்சிட்டி பக்கம் நல்ல காலேஜ் கிடைத்தால் பணம் திரும்புமா? 100 சதவீதம் பிளேஸ்மென்ட் என்று நோட்டீசில் போட்டிருக்கிறார்கள். அதை எவ்வளவு நம்பலாம்? உள்ளே படிப்பு எப்படி நடக்கும்?

12.05.2025, காலை 11.15. பழைய_அட்வைசர்

நோட்டீசை ஓரமாக வையுங்கள். அந்த நிறுவனத்தின் பெயரோடு என்ஐஆர்எஃப் என்று சேர்த்துத் தேடுங்கள். மத்திய அரசின் அந்தத் தரவரிசைக்கு அவர்களே கொடுத்த தகவல் பிடிஎஃப் ஆக அவர்கள் தளத்திலேயே இருக்கும். ஓவரால் கோப்பை விட்டுவிட்டு இன்ஜினியரிங் கோப்பைத் திறங்கள். நான்கு ஆண்டு யுஜி என்ற அட்டவணையில் வரிசையாக இவை வரும்: முதலாண்டில் சேர்ந்தவர்கள், லேட்டரல் என்ட்ரியில் (டிப்ளமோ முடித்து நேராக இரண்டாமாண்டில்) வந்தவர்கள், உரிய காலத்தில் பட்டம் முடித்தவர்கள், வேலை பெற்றவர்கள், மீடியன் சம்பளம், மேல்படிப்புக்குப் போனவர்கள்.

உதாரணத்துக்கு 1,050 பேர் சேர்ந்து 840 பேர் நேரத்துக்கு முடித்து, 520 பேருக்கு வேலை, 110 பேர் மேல்படிப்பு என்று இருந்தால் மூன்று விஷயம் தெரிகிறது. ஐந்தில் ஒருவர் நாலு வருஷத்தில் முடிக்கவில்லை. முடித்தவர்களில் வேலை பெற்றது 62 சதவீதம். மிச்சம் 210 பேரைப் பற்றி ஒரு வரியும் இல்லை. நோட்டீசில் வரும் "அதிகபட்ச பேக்கேஜ்" ஒரே ஒரு மாணவருடையது. மீடியன் என்பது சம்பளங்களை வரிசையாக அடுக்கினால் நடுவில் நிற்பவருடையது. உங்கள் மகளுக்கு எதிர்பார்க்க வேண்டியது அதைத்தான்.

அதே கோப்பில் கீழே போனால் லேப் உபகரணங்களுக்குச் செலவு செய்த தொகையும் இருக்கும். மாணவர் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். இரண்டு காலேஜை ஒப்பிட இதைவிட நேர்மையான எண் கிடைக்காது.

12.05.2025, மாலை 6.02. ஏழாம்_செம்

100 சதவீதம்னா "எலிஜிபிள் ஆனவங்கள்ல 100 சதவீதம்" மேடம். பத்தாவது, பிளஸ் டூ, பி.டெக் மூணுலயும் 60க்கு மேல, ஸ்டாண்டிங் அரியர் (தோத்து இன்னும் முடிக்காத பாடம்) இல்லாம, பிளேஸ்மென்ட் செல்லுல பதிவு பண்ணி, ட்ரெயினிங் அட்டெண்டன்ஸும் வச்சிருக்கறவங்கதான் கணக்குல வருவாங்க. மத்தவங்க கணக்குலயே இல்லை. இன்னொண்ணு, ஆஃபர் எண்ணிக்கையையும் மாணவர் எண்ணிக்கையையும் ஒண்ணா நினைச்சிடாதீங்க. ஒருத்தர் மூணு ஆஃபர் வச்சிருந்தா அது மூணுன்னுதான் எண்ணப்படும்.

13.05.2025, காலை 10.30. கடன்_மேசை

கட்டணத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. முதல் வருஷத் தொகையை மட்டும் பார்த்து முடிவு எடுக்காதீர்கள். எழுத்தில் கேட்க வேண்டியவை: டியூஷன் நாலு வருஷமும் ஒரே தொகையா, ஆண்டுதோறும் உயருமா; ஹாஸ்டலும் மெஸ்ஸும் தனித்தனியா; காஷன் டெபாசிட் எவ்வளவு, எப்போது திரும்பும்; தோற்ற பாடத்தை மறுபதிவு செய்ய என்ன கட்டணம். சில இடங்களில் ஒரே வகுப்பில் பக்கத்துப் பக்கத்தில் உட்காரும் இரண்டு பேருக்கு வேறு வேறு கட்டணம் இருக்கும். விஐடியில் நுழைவுத்தேர்வு ரேங்கை ஒட்டி கேட்டகிரி 1 முதல் 5 வரை பிரிக்கிறார்கள். உங்களுக்கு எந்த அடுக்கு என்பதுதான் முதல் கேள்வி.

கடன் கணக்கு: வருஷத்துக்கு 2 லட்சம், 10 சதவீத வட்டி, ஒவ்வொரு ஆண்டுத் தொடக்கத்திலும் வங்கி பணம் விடுகிறது என்று வைப்போம். படிப்பு 4 வருஷம், அதற்கு மேல் 1 வருஷம் மொரட்டோரியம் (தவணை தொடங்காத இடைவெளி). முதல் 2 லட்சத்துக்கு 5 வருஷ வட்டி, அடுத்ததற்கு 4, பிறகு 3, 2. கூட்டினால் 14 வருஷ வட்டி, வருஷத்துக்கு 20,000 வீதம் 2,80,000. தனிவட்டியாகவே 8 லட்சம் 10.8 லட்சமாகிவிடும். 10 வருஷத் தவணை போட்டால் மாதம் சுமார் 14,270. படிக்கும்போதே வட்டியை மட்டும் கட்டி வந்தால் (முதல் வருஷம் மாதம் 1,667, நாலாம் வருஷம் 6,667) தவணை சுமார் 10,570. அப்படிக் கட்டுபவர்களுக்குப் பல வங்கிகள் வட்டியிலும் சலுகை தருகின்றன. கிளையில் கேட்டால்தான் சொல்வார்கள்.

7.5 லட்சம் வரை பொதுவாக அடமானம் தேவையில்லை. அதற்கு மேல் சொத்துப் பத்திரம் கேட்பார்கள். குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் என்றால் படிப்புக் காலமும் அதற்கு மேல் ஒரு வருஷமும் வட்டியை மத்திய அரசு ஏற்கும் திட்டம் இருக்கிறது. நிறுவனம் நாக் அல்லது என்பிஏ (கல்வித் தரத்தை மதிப்பிடும் தேசிய அமைப்புகள்) அங்கீகாரம் பெற்றிருக்க வேண்டும். வருமானம் 8 லட்சம் வரை என்றால் 2024 நவம்பரில் அறிவித்த பிஎம் வித்யாலட்சுமியில் 3 சதவீத வட்டிச் சலுகை, 10 லட்சம் கடன் வரைக்கும். ஆனால் நிறுவனம் அந்தத் திட்டத்தின் பட்டியலில் இருக்க வேண்டும். சீட்டும் தகுதி வழியாக வந்ததாக இருக்க வேண்டும், மேனேஜ்மென்ட் கோட்டாவுக்குக் கிடையாது. அலாட்மென்ட் கடிதத்தில் எந்தச் சொல் அச்சாகிறது என்று பார்த்து வாங்குங்கள்.

13.05.2025, இரவு 9.48. திண்டுக்கல்_கார்த்தி

முதல் பட்டதாரி சான்றிதழ் இருந்தா டியூஷன்ல குறையுமே, அதையும் சேர்த்துக்கோங்க.

14.05.2025, காலை 8.05. கடன்_மேசை

டீம்டுக்கு அது கிடையாது கார்த்தி. முதல் பட்டதாரி சலுகை டிஎன்இஏ ஒற்றைச் சாளரம் வழியாகச் சேருபவர்களுக்குத்தான். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடும் அந்த வழிதான். இந்த இரண்டில் ஒன்று கையில் இருக்கும் வீட்டில் இரண்டு பக்கமும் நாலு வருஷத்துக்கு மொத்தம் எழுதிப் பார்க்காமல் முன்பணம் கட்டவே கூடாது.

15.05.2025, மதியம் 1.20. கரூர்_அம்மா

முதல் பட்டதாரி எங்களுக்குப் பொருந்தாது. வீட்டுக்காரர் டிகிரி. முன்பணம் திரும்புமா என்பதற்கு இன்னும் பதில் வரவில்லை. 20ஆம் தேதி நெருங்குகிறது.

15.05.2025, மாலை 4.45. பழைய_அட்வைசர்

திரும்பும். விதி இருக்கிறது மேடம். ஆனால் தேதியும் எழுத்தும் வேண்டும்.

யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2018 அக்டோபர் அறிவிப்பின்படி, நிறுவனம் முறையாக அறிவித்த சேர்க்கைக் கடைசித் தேதிக்கு 15 நாளோ அதற்கு மேலோ முன்பாக விலகினால் 100 சதவீதம். அதில் நடைமுறைச் செலவாக அதிகபட்சம் 5,000 மட்டும் பிடிக்கலாம். அந்த 15 நாளுக்குள் என்றால் 90. கடைசித் தேதி தாண்டி 15 நாள் வரை 80. 15 முதல் 30 நாள் வரை 50. அதற்கு மேல் டெபாசிட் தவிர ஒன்றுமில்லை. 2024இல் இதைவிடத் தாராளமாக செப்டம்பர் 30 வரை முழுத் தொகையும், அக்டோபர் 31 வரை 1,000 ரூபாய் மட்டும் பிடித்துக்கொண்டும் தரச் சொன்னார்கள். இந்த ஆண்டு அறிவிப்பு வந்ததா என்று யுஜிசி தளத்தில் அவ்வப்போது பாருங்கள்.

எல்லாமே "அறிவித்த கடைசித் தேதி"யைச் சுற்றித்தான் ஓடுகிறது. உங்களுக்குச் சொன்ன 20ஆம் தேதி பணம் கட்டுவதற்கான கெடு. அதைச் சேர்க்கைக் கடைசித் தேதி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். சேர்க்கை எப்போது முடிகிறது என்று மின்னஞ்சலில் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்துங்கள். பணம் வங்கி வழியாக மட்டும், ரசீது மகள் பெயரில். ஒரிஜினல் டிசியையும் மார்க் ஷீட்டையும் நிறுவனம் வைத்துக்கொள்ள அனுமதி இல்லை. சரிபார்த்ததும் திரும்ப வாங்கிவிடுங்கள். விலகுவதென்றால் அதே நாளில் மின்னஞ்சல், கூடவே ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்ட். விண்ணப்பம் போய்ச் சேர்ந்த 15 நாளில் பணம் வர வேண்டும். வரவில்லை என்றால் யுஜிசியின் இ-சமாதான் தளத்தில் ரசீதோடும் இந்தக் கடிதங்களோடும் புகார் போடலாம். தொலைபேசியில் சொன்னதை வைத்து யாரும் பணம் மீட்டதில்லை.

18.05.2025, இரவு 8.10. ஏழாம்_செம்

உள்ளே படிப்பு எப்படின்னு கேட்டிருந்தீங்க. முதல் வருஷ சிஜிபிஏதான் (10க்கு எடுக்கற சராசரி கிரேடு புள்ளி) எல்லாமே. காரணம் வெறும் கூட்டல் கணக்கு.

நாலு வருஷத்துக்கு சுமார் 160 கிரெடிட். வாரம் ஒரு மணி நேர வகுப்புக்கு 1, ரெண்டு மணி நேர லேபுக்கு 1. வருஷத்துக்கு 40. முதல் வருஷம் 7.0ன்னா 280 புள்ளி. இன்டர்ன்ஷிப் கம்பெனிகள் அஞ்சாம் செம்ல வரும்போது கையில இருக்கறது நாலு செம் மார்க்தான், அதாவது 80 கிரெடிட். அப்போ 8.0 காட்டணும்னா மொத்தம் 640 வேணும். மிச்சம் 360ஐ 40 கிரெடிட்ல எடுக்கணும், ரெண்டாம் வருஷம் முழுக்க 9.0. முதல் வருஷம் 7.8 எடுத்திருந்தா 8.2 போதும். மேத்ஸ், பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, கிராபிக்ஸ் எல்லாம் சிஎஸ்இக்கு எதுக்குன்னு விடறவங்க இங்கதான் மாட்டறாங்க. கம்பெனி ஃபில்டர் பாடத்தோட பேரைப் பார்க்காது.

கிராபிக்ஸ்ல அதிகமா கப் (அரியர்) விழும். முதல் கோண முறையில டாப் வியூ எக்ஸ்ஒய் கோட்டுக்குக் கீழ வரணும். மாத்திப் போட்டா உருவம் சரியா இருந்தும் மார்க் போயிடும்.

19.05.2025, காலை 7.30. பழைய_அட்வைசர்

தம்பி சொன்ன சிஜிபிஏ கணக்குக்குப் பின்னால் இன்னொரு கணக்கு இருக்கிறது. டீம்ட் யுனிவர்சிட்டிகளில் பரவலாக இருப்பது ரிலேடிவ் கிரேடிங். 76 மார்க் வாங்கினால் என்ன கிரேடு என்று மார்க்கை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. வகுப்பின் சராசரியும் திட்ட விலக்கமும் (மார்க்குகள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவு) தெரிய வேண்டும்.

வழக்கமான முறை இது: சராசரிக்கு மேல் ஒன்றரை விலக்கம் தாண்டினால் எஸ் (உச்ச கிரேடு), அரை விலக்கம் தாண்டினால் ஏ, அரை விலக்கம் கீழே வரை பி, ஒரு விலக்கம் கீழே வரை சி, அப்படியே இறங்கும். சராசரி 62, விலக்கம் 12 உள்ள வகுப்பில் எஸ் 80இல் தொடங்கும், ஏ 68இல், பி 56இல். அங்கே 76 என்பது ஏ. தாராளமாக மார்க் போடும் ஆசிரியரிடம் சராசரி 80, விலக்கம் 6 என்று வைத்துக்கொள்ளுங்கள். எஸ் 89, ஏ 83, பி 77. அதே 76 அங்கே சி. ஆசிரியரை மாணவரே தேர்ந்தெடுக்கும் இடங்களில் எல்லோரும் "ஈசி ஃபேகல்டி" பின்னால் ஓடுகிறார்கள். சராசரி ஏறி, விலக்கம் சுருங்கி, இரண்டு மார்க் வித்தியாசத்தில் கிரேடு விழுகிறது. கேள்வித்தாள் கடினமாக இருந்தாலும் புரியும்படி நடத்தும் ஆசிரியரே நல்ல தேர்வு.

19.05.2025, மதியம் 12.55. பழைய_அட்வைசர்

காலையில் எழுதியதோடு இதையும் சேர்த்துப் படியுங்கள். லேபுக்கும், மாணவர் மிகக் குறைவாக உள்ள பாடங்களுக்கும் பல இடங்களில் நேரடி மார்க் கிரேடுதான், 90க்கு மேல் என்றால் எஸ். லேபில் வகுப்பே எஸ் வாங்கலாம், யாரும் யாரையும் கீழே தள்ள வேண்டியதில்லை. சிஜிபிஏ ஏற்ற விரும்பும் மாணவர் முதலில் பிடிக்க வேண்டிய கிரெடிட் லேப் கிரெடிட். அதைத்தான் அதிகம் பேர் அலட்சியமாக விடுகிறார்கள்.

21.05.2025, இரவு 10.20. லேப்_இன்சார்ஜ்

அட்வைசர் சார் சொன்னது உண்மை. லேபில் மார்க் எங்கே போகிறது என்று நான் சொல்கிறேன். சிஎஸ்இ முதலாண்டுக்கும் பேசிக் எலக்ட்ரிக்கல், எலக்ட்ரானிக்ஸ் லேப் உண்டு.

மாடிப்படி வயரிங்: இரண்டு டூ-வே சுவிட்ச், ஒரு பல்பு. ஃபேஸ் முதல் சுவிட்சின் நடு முனைக்கு, இரண்டு ஓர முனைகளிலிருந்து இரண்டு வயர் அடுத்த சுவிட்சின் ஓர முனைகளுக்கு, அதன் நடு முனையிலிருந்து பல்புக்கு, பல்பிலிருந்து நியூட்ரலுக்கு. பல்பு சில நிலைகளில் மட்டும் எரிந்து, ஒரு சுவிட்சைப் போட்டால்தான் இன்னொன்று வேலை செய்கிறது என்றால் எங்கோ நடு முனைக்கும் ஓர முனைக்கும் இடம் மாறியிருக்கிறது. வயரைப் பிடுங்கி முதலிலிருந்து கட்ட வேண்டாம். சப்ளையை எடுத்துவிட்டு மீட்டரைக் கன்டினியூட்டியில் வைத்து நடு முனை எது என்று பார்த்தால் போதும்.

பிரிட்ஜ் ரெக்டிஃபையர் (ஏசியை டிசி ஆக்கும் சுற்று): 12 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் செகண்டரி, நாலு 1என்4007 டயோடு, 1 கிலோ ஓம் லோடு. உச்சம் சுமார் 17 வோல்ட், இரண்டு டயோடு இழப்பு 1.4 போக லோடில் 15.6. இதுவரை எல்லோரும் சரியாகச் செய்கிறார்கள். பிறகு இன்புட்டையும் அவுட்புட்டையும் சேர்த்துப் பார்க்கலாம் என்று சிஆர்ஓவின் (அலையைத் திரையில் காட்டும் கருவி) இரண்டு சேனலையும் மாட்டுவார்கள். இரண்டு சேனலின் கிரவுண்டும் உள்ளே ஒன்றுதான். ஒன்று செகண்டரி முனையிலும் மற்றது லோடின் மைனஸிலும் போனால் ஒரு டயோடு ஷார்ட் ஆகி, அலை பாதி காணாமல் போகும், டயோடு சூடாகி ஒன்று செத்தும் போகும். "சார், டயோடு டிஃபெக்ட்" என்று வருவார்கள். தனித்தனியாகப் பார்த்து வரைவதுதான் வழி.

100 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் போட்டால் ரிப்பிள் (டிசியில் மிஞ்சும் ஏற்ற இறக்கம்) எவ்வளவு வரும் என்பது வைவாவில் நிச்சயம் வரும் கேள்வி. கரன்ட் 15.6 மில்லி ஆம்பியர், அதிர்வெண் 100 ஹெர்ட்ஸ். முழு அலை என்பதால் 50 இல்லை, 100. கரன்டை அதிர்வெண்ணாலும் கெபாசிட்டன்ஸாலும் வகுத்தால் சுமார் 1.56 வோல்ட். திரையில் தெரிவதும் கிட்டத்தட்ட அதுவே. இதை அப்சர்வேஷன் நோட்டில் அன்றே எழுதி கையெழுத்து வாங்குகிற மாணவருக்கு ரெக்கார்டில் எதுவும் மிச்சமிருக்காது. செம் கடைசியில் பத்து சோதனையைக் காப்பி அடித்து எழுதுபவர்களிடம் ரீடிங்கும் கிராஃபும் ஒத்துப்போகாது. எடுத்துக் கேட்டால் திணறுவார்கள்.

22.05.2025, காலை 9.00. ஏழாம்_செம்

அட்டெண்டன்ஸையும் சொல்லிடறேன். 75 சதவீதம். 45 மணி நேரப் பாடத்துல 11 மணி வரை விடலாம். லேப்ல 30 மணிதான், ஒரு நாள் போனா ரெண்டு மணி போகும். ஆக மூணு லேப் வரைதான் விடலாம், நாலாவது விட்டா அவ்வளவுதான். ஊருக்குப் போற வெள்ளிக்கிழமையில லேப் விழுந்தா முதல் மாசமே கவனிங்க.

குறைஞ்சிருந்தா எத்தனை வகுப்பு தொடர்ந்து வரணும்? நடந்த வகுப்பை 3ஆல பெருக்கி, வந்ததை 4ஆல பெருக்கிக் கழிக்கணும். 30ல 20 வந்திருந்தா 90 கழித்தல் 80, பத்து. மிச்சம் 15 வகுப்பு இருக்கு, தப்பிச்சிடலாம். 36ல 22ன்னா 108 கழித்தல் 88, இருபது. மிச்சம் ஒன்பதுதான். அதுக்கு மேல முயற்சி பண்ணிப் பிரயோஜனமில்லை, பரீட்சை எழுத விட மாட்டாங்க. ஓடி லெட்டர் (காலேஜ் சார்பா நிகழ்ச்சிக்குப் போற ஆன்-டியூட்டி அனுமதி) நிகழ்ச்சிக்கு முன்னாடியே போர்ட்டல்ல ஏறியிருக்கணும். பின்னாடி கொண்டு போனா பல துறையில எடுக்க மாட்டாங்க.

25.05.2025, மாலை 5.35. பழைய_அட்வைசர்

12ஆம் தேதி எழுதிய மீடியன் பற்றி. அந்த எண்ணில் சிஎஸ்இ, மெக்கானிக்கல், சிவில் எல்லாம் ஒரே குவியல். பெரும்பாலும் சிஎஸ்இ மீடியன் அதற்கு மேலே இருக்கும், சிவில் கீழே. ஆகவே ஒரு காலேஜின் சிஎஸ்இயை இன்னொன்றின் சிஎஸ்இயோடு ஒப்பிட இது மட்டும் போதாது. துறைவாரிப் பட்டியலைக் கேளுங்கள். நாக் மொத்த நிறுவனத்துக்கானது, என்பிஏ ஒவ்வொரு பாடப்பிரிவுக்கும் தனி. மகள் சேரும் பிரிவுக்கு என்பிஏ இருக்கிறதா, எந்த ஆண்டு வரை என்று என்பிஏ தளத்தில் பாருங்கள். "சிஎஸ்இ வித் ஏதோ ஒன்று" என்று புதிதாகத் தொடங்கிய பிரிவுகளுக்குப் பெரும்பாலும் இருக்காது. குறைந்தது இரண்டு அணிகள் பட்டம் முடித்த பிறகே விண்ணப்பிக்க முடியும்.

14.06.2025, இரவு 9.15. லேப்_இன்சார்ஜ்

இறுதியாண்டு புராஜெக்ட் பற்றித் தனிச்செய்தியில் ஒருவர் கேட்டார். எல்லோருக்கும் ஆகும் என்பதால் இங்கேயே.

சிஎஸ்இயில் பாதிக்கு மேல் மெஷின் லேர்னிங். ரிவ்யூவில் 99 சதவீத அக்யூரசி காட்டும் அணியிடம் முதல் கேள்வி, டேட்டாவை எப்போது பிரித்தீர்கள்? முதலில் மொத்தத்தையும் ஸ்கேல் செய்து, குறைவாக உள்ள வகையைப் பெருக்கி, பிறகு டிரெயின், டெஸ்ட் என்று பிரித்தால் ஒரே பதிவின் நகல் இரண்டு பக்கமும் போய்விடும். எக்ஸ்ரே படமென்றால் ஒரே நோயாளியின் படங்கள் இரண்டு பக்கமும் விழும். முதலில் பிரி, நோயாளிவாரியாகப் பிரி, பெருக்குவதை டிரெயின் பக்கம் மட்டும் செய். 99 என்பது 84க்கு இறங்கினால் அந்த 84ஐ எடுத்துக்கொண்டு ரிவ்யூவுக்கு வாருங்கள். கேட்பவர் மதிப்பார். 100 பேரில் 5 பேருக்கு மட்டும் நோய் உள்ள டேட்டாவில் எல்லோரும் நலம் என்று சொல்லும் புரோகிராமே 95 வாங்கிவிடும். அதனால் ரீகால் (நோய் உள்ளவர்களில் எத்தனை பேரைச் சரியாகப் பிடித்தது) எவ்வளவு என்று காட்டுங்கள்.

ஐஓடி (சென்சார், மோட்டாரை இன்டர்நெட்டோடு இணைக்கும் புராஜெக்ட்) செய்பவர்கள்: இஎஸ்பி32 போர்டு அடிக்கடி தானாக ரீசெட் ஆனால் கோடில் தேடாதீர்கள். சர்வோ மோட்டாரையும் போர்டையும் ஒரே யுஎஸ்பி சப்ளையில் மாட்டியிருப்பீர்கள். மோட்டார் இழுக்கும்போது வோல்டேஜ் சரிகிறது. மோட்டாருக்குத் தனி 5 வோல்ட், இரண்டின் கிரவுண்டும் சேர்ந்திருக்க வேண்டும். ரிச்சி தெருவில் பாகம் வாங்குகிறவர்கள் சென்சாரை ஒன்றுக்கு இரண்டாக வாங்குங்கள். டெமோ அன்று ஒன்று போனால் சென்னை போய்வர நேரமிருக்காது.

06.07.2025, மதியம் 3.40. ஏழாம்_செம்

ஆஃபர் லெட்டர் வாங்கற ஜூனியர்களுக்கு: சிடிசி (கம்பெனி உங்களுக்காக வருஷத்துக்குச் செய்யற மொத்தச் செலவு) 10 லட்சம்னா மாசம் 83,000 கைக்கு வராது. ஜாயினிங் போனஸ், ஒரு வருஷம் இருந்தாத்தான் வர்ற ரிடென்ஷன் போனஸ், கிராஜுவிட்டி, கம்பெனி பங்கு பிஎஃப், இன்ஷூரன்ஸ் எல்லாம் அதுக்குள்ளதான். "ஃபிக்ஸ்டு பே" வரியை மட்டும் 12ஆல வகுத்துப் பாருங்க. சர்வீஸ் அக்ரிமென்ட் எத்தனை வருஷம், இடையில விட்டா எவ்வளவு கட்டணும்னும் பாருங்க. பல காலேஜ்ல ஒரு ஆஃபர் வந்ததும் அடுத்த டிரைவுக்கு உட்கார விட மாட்டாங்க. குறிப்பிட்ட அளவு அதிக சம்பளம் உள்ள கம்பெனிக்கு மட்டும் அனுமதி இருக்கும். அந்த வரம்பு தெரியாம முதல் கம்பெனிக்கே போய் உட்காராதீங்க.

19.08.2025, இரவு 8.50. கரூர்_அம்மா

டீம்டிலேயே சேர்த்துவிட்டோம். இரண்டு பக்கமும் நாலு வருஷக் கணக்கு எழுதிப் பார்த்துத்தான். முதல் செம்முக்கு 27 கிரெடிட் வரை எடுக்கலாமாம். சீக்கிரம் முடித்தால் கடைசி வருஷம் இன்டர்ன்ஷிப்புக்கு நேரம் கிடைக்கும் என்று சீனியர்கள் சொல்கிறார்களாம். எடுக்கட்டுமா?

20.08.2025, காலை 7.10. பழைய_அட்வைசர்

முதல் செம்மில் வேண்டாம் மேடம். 160ஐ 8ஆல் வகுத்தால் 20. அதை ஒட்டி 20 முதல் 22 வரை போதும். 27 என்றால் இரண்டு தியரிப் பாடம் கூடுதல், ஒவ்வொன்றிலும் இரண்டு இடைத்தேர்வு, அசைன்மென்ட், இறுதித் தேர்வு. இடைத்தேர்வுகள் ஒரே வாரத்தில் விழும்.

இரண்டாம் செம் முடிந்து கிரேடு கையில் இருக்கும்போது முடிவு செய்யட்டும். 8.5க்கு மேல் இருந்தால் மூன்றாம், நாலாம் செம்மில் 24 வரை போகலாம். கூடுதலாக எடுப்பது டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ், டிபிஎம்எஸ் போல இன்டர்ன்ஷிப் தேர்வில் கேட்கிற பாடமாக இருக்கட்டும். பதிவு செய்யும் நாளில் ஒரே பாடத்துக்கு மூன்று மாற்று நேரங்களைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு உட்காரச் சொல்லுங்கள். முதலில் லேபைப் பிடிக்கட்டும், ஏனென்றால் அதில்தான் இடம் குறைவு, தியரி பிறகும் கிடைக்கும். பாடத்தை விலக்கிக்கொள்ளக் கடைசித் தேதி ஒன்று கல்விக் காலண்டரில் இருக்கும். முதல் இடைத்தேர்வு மார்க் அதற்கு முன் வருகிறதா, பின்பா என்று இன்றே பார்த்துவிடச் சொல்லுங்கள்.